தரையில்லா ஊரின் காற்றைப் படிக்கப் போன மகனுக்கு

மோனை, சுகம் கேட்டு எழுதுற கடிதமில்லை இது. உன்ர சுகம் எனக்குத் தெரியும், வட்ஸ்அப்பில படம் போடுறாய், கன்னம் கொஞ்சம் வைச்சிருக்கு. உன்ர கலியாணத்துக்கு இன்னும் மூண்டு கிழமை கிடக்குது. "அம்மா, கரையில ஏன் ஒருத்தரும் வாறம் எண்டு சொல்லுகினமில்லை? செபமாலை மாமா ஏன் என்ர ஃபோனை எடுக்கிறாரில்லை?" எண்டு நீ மூண்டு தரம் கேட்டிட்டாய். மூண்டு தரமும் நான், "அவைக்கு வேலை மோனை, தொழில் நேரம் மோனை" எண்டு மழுப்பிப்போட்டன். அது பொய். கரையில ஒருத்தரும் வரமாட்டினமாம். ஞானஸ்நானத்தில உன்னைக் கையில ஏந்தின உன்ர ஞானத்தகப்பன் செபமாலை அண்ணை, அப்பா இல்லாத உனக்குக் கோயிலில தகப்பன் ஸ்தானத்தில நிக்க வேண்டிய மனுசன், "அவன்ர கலியாணத்துக்கு நான் நிக்கமாட்டன்" எண்டு தன்ர வாயால சொல்லிப்போட்டார். ஏன் எண்டு எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதைச் சொல்லத்தான் எழுதுறன். ஃபோனில சொல்லலாம்தானே எண்டு கேட்பாய். ஃபோனில நீ இடையில கதைப்பாய், நான் அழுவன், நீ "சரி சரி, விடுங்கோ அம்மா" எண்டுவாய், அதோட முடிஞ்சிடும். இந்த முறை நீ இடையில கதைக்கேலாது. இன்னொண்டு, இது உனக்கு மட்டும் எழுதுறதில்லை. இதை அப்பிடியே பார்த்தெழுதி மீனவர் சங்கக் கட்டடத்துச் சுவரிலயும் ஒட்டப் போறன். பொய் கரை முழுக்கப் போயிருக்கு, உண்மை மட்டும் உனக்குத் தனியா உறைக்குள்ள வந்தால் சரிவராது. ஆனால் முதல் என்ர கோவத்தைச் சொல்லி முடிக்க விடு. என்னில பிழை இருக்கு, அது வரும், நான் தப்பி ஓடமாட்டன். உன்னிலயும் பிழை இருக்கு. அதைச் சொல்லாமல் நேர மன்னிப்புக் கேட்கிறதுக்கு நான் ஒண்டும் புனிதை இல்லை.

உனக்கு அப்ப பதினாறு வயசு. சண்டை முடிஞ்சு முகாமால திரும்பி வந்து கரையில தகரக் கொட்டில் போட்ட ரெண்டாம் வருசம், கார்த்திகை மாசம். ரேடியோவில, வடக்குக் கிழக்குக் கடலில மழை பெய்யலாம் எண்டு சொன்னாங்கள். அவ்வளவுதான். மழைக்கு ஆர் பயப்பிடுறது? உன்ர அப்பா சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார். காத்தைப் பற்றி ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. மூண்டாம் நாள் வள்ளம் மட்டும் அளம்பில் பக்கம் ஒதுங்கிச்சு, ஆள் வரேல்லை. உடம்பில்லாமல் பூசை வைச்சம். பூசை முடிஞ்சு சனம் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிக்கேக்க, நீ செபமாலை அண்ணையின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு எல்லாருக்கும் கேட்கத்தக்கனையாச் சொன்னனி: "மாமா, நான் காத்தைப் படிக்கப் போறன். இனி இந்தக் கரையில ஒருத்தரும் தெரியாமல் போய்ச் சாகக் கூடாது." பெண்டுகள் எல்லாம் அழுதிச்சினம். செபமாலை அண்ணை உன்ர தலையில கை வைச்சார். நான் அண்டைக்கு அழேல்லை. அந்தச் சொல்லைப் பிடிச்சுக்கொண்டு எழும்பினனான், அதைப் பிடிச்சுக்கொண்டுதான் இத்தனை வருசமும் கருவாடு காயப்போட்டு உன்னைப் படிப்பிச்சனான்.

யாழ்ப்பாணத்துக் கம்பஸில பௌதிகம் படிச்சாய். பிறகு ஸ்கொலஷிப் கிடைச்சு வெளிநாடு போனாய். அங்க என்ன படிக்கப் போறாய் எண்டு கேட்க, "வளிமண்டலம் அம்மா" எண்டனி. வளிமண்டலம் எண்டால் எங்கட தலைக்கு மேல நிக்கிற காத்துத்தானே? ஓ.எல். சோதினை மட்டும் படிச்ச எனக்கு வேற எங்கயும் ஒரு வளிமண்டலம் இருக்குதெண்டு எப்பிடித் தெரியும்? நீயும் வாய் திறக்கேல்லை. எந்தக் கிரகத்து வளிமண்டலம் எண்டு விசாரிக்கிற தாய் உலகத்தில எங்கயாவது இருக்கிறாளோ, சொல்லு பாப்பம்.

முதல் வருசம் நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். பந்தலில சூடைக் கருவாடு விரிச்சுப்போட்டு நிக்கிறன், உன்ர கோல் வந்தது. வாய்க்கு வந்தபடி, "நாளைக்கு மழை வருமோ மோனை?" எண்டு கேட்டன். நீ "ஒரு நிமிசம் நில்லுங்கோ" எண்டிட்டு, "பின்னேரம் மூண்டு மணிக்குப் பிறகு வரும் அம்மா, அதுக்கு முதல் அள்ளுங்கோ" எண்டனி. அடுத்த நாள் மூண்டரைக்குக் கொட்டிச்சு பார், கரை முழுக்கச் சனம் கருவாட்டை அள்ளிக்கொண்டு ஓடுது, நான் மட்டும் கொட்டிலுக்குள்ள காலை நீட்டிக்கொண்டு இருக்கிறன். செபமாலை அண்ணையின்ர மனிசி றோசமேரி நனைஞ்சு தோய்ஞ்சு வந்து, "உங்களுக்கு எப்பிடியக்கா தெரியும்?" எண்டு கேட்டா. "மகன் சொன்னவன்" எண்டன். அந்த ரெண்டு சொல்லிலதான் எல்லாம் துவங்கினது.

அடுத்த நாள் பின்னேரம் செபமாலை அண்ணை வாசல் படலையில வந்து நிண்டார். "தங்கச்சி, பெடியிட்ட ஒருக்காக் கேளன், வாடைக்காத்து எப்ப குறையுமாம்?" கேட்டுச் சொன்னன். சரியா இருந்தது. பிறகு அவரோட இன்னும் ரெண்டு பேர், பிறகு ஆறு பேர். பின்னேரம் ஆறு மணிக்கு உனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம், நீ சாப்பிட்டுக்கொண்டு சொல்லுவாய், நான் அதை வாசல் முத்தத்துக்கு வந்து சொல்லுவன். சும்மா சொல்லுவனோ, கொஞ்சம் இழுத்து, கையைக் காட்டி, "விடியப்புறம் கொண்டல் காத்து எழும்புமாம், ஏழு மணிக்கு முதல் கரைக்கு வந்திடுங்கோ எண்டவன்" எண்டு சொல்லுவன். பிளாஸ்டிக் கதிரை வாங்கிப் போட்டன். சனம் எனக்கு வானிலை அக்கா எண்டு பேர் வைச்சுது. உனக்கு இது பகிடி. எனக்கு அது என்னெண்டு நீ ஒருநாளும் யோசிக்கேல்லை. புருசனைக் கடலுக்குக் குடுத்த பொம்பிளை விடிய முன்னால வந்தால், தொழிலுக்குப் போறவை ஒரு மாதிரித்தான் பார்ப்பினம். வாயால சொல்லாயினம், ஒதுங்கிப் போவினம். நாங்கள் வேதக்காரர் எண்டாலும் அந்தச் சகுனப் புத்தி கிடக்குது. ஒம்பது வருசம் நான் விடிய வெளியில இறங்காமல் கொட்டிலுக்குள்ள நிண்டனான். இப்ப அதே ஆக்கள் என்னை வந்து பார்த்திட்டுத்தான் கடலுக்குப் போகினம். அதை நினைச்சு எத்தினை நாள் சந்தோசத்தில அழுதிருக்கிறன் எண்டு உனக்குத் தெரியாது.

சங்கத்துப் பெடியளின்ர கையிலயெல்லாம் ஃபோன் கிடக்குது, அதில மழையும் காத்தும் அலையும் காட்டுதெண்டு அவங்களுக்குத் தெரியும். செபமாலை அண்ணை அதை நம்பமாட்டார். "உந்த ஃபோன் பிழைவிட்டால் அதின்ர தகப்பனே சாகப்போறான்? தகப்பனைக் கடலுக்குக் குடுத்த பிள்ளை சொல்லுறது அப்பிடியில்லை" எண்டுவார். எனக்கு நெஞ்சு நிமிரும். அஞ்சு வருசம் மோனை. அஞ்சு வருசமும் நீ சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில கிடந்த ஃபோனைப் பார்த்து வாசிச்சுக்கொண்டிருந்தனி. இஞ்ச பெடியளிட்டக் கிடக்கிற அதே படத்தை.

அதை நான் அறிஞ்ச விதத்தையும் கேள். மாசி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிஞ்சு வந்து நிக்கிறன். பக்கத்து வளவு சுகந்தி ரீச்சர், முள்ளியவளையில விஞ்ஞானம் படிப்பிக்கிற பிள்ளை, சந்தோசமா ஓடி வந்தா. "அன்ரி, உங்கட மகன்ர பேச்சு ஒண்டு யூரியூப்பில கிடக்குது, வாங்கோ பாப்பம்" எண்டா. பெரிய மண்டபம். நீ கோட்டுப் போட்டு நிக்கிறாய், பார்க்க என்ர கண்ணே பட்டிடும் போல. உனக்குப் பின்னால மஞ்சள் நிறத்தில ஒரு உருண்டை, சுத்திவர வளையம். "இதென்ன பிள்ளை, இது பூமியில்லையே?" எண்டன். "சனி, அன்ரி" எண்டா. நான் நினைச்சன், துவக்கத்தில ஒரு வடிவுக்குப் போடுறான் ஆக்கும், இனி வங்காள விரிகுடா வரும் எண்டு. வரேல்லை. சனிக்குப் பிறகு வரி வரியா வியாழன் வந்தது. பிறகு புகை மூடின ஒரு செம்மஞ்சள் நிலவு. பிறகு திரும்பவும் சனி. முக்கால் மணித்தியாலம் இமை வெட்டாமல் இருந்தனான், எங்கட கடல் ஒருக்காலும் வரேல்லை.

நடுவில நீ ஏதோ சொல்ல மண்டபம் முழுக்கச் சிரிச்சுது. சுகந்தி சொல்லிக்கொண்டு வந்ததைச் சட்டெண்டு நிப்பாட்டிப்போட்டா. "என்னவாம் பிள்ளை?" எண்டன். "ஒண்டுமில்லை அன்ரி, சும்மா பகிடி" எண்டா. நான் விடேல்லை. தலையைக் குனிஞ்சுகொண்டு சொன்னா: "என்ர அம்மா நான் எங்கட கடலின்ர வானிலையைப் படிக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா. ஒவ்வொரு நாளும் எடுத்து நாளைக்கு மழையோ எண்டு கேட்பா. சனிக்கிரகத்து மழையையே நான் சொல்லுறது? ஃபோனைப் பார்த்து வாசிச்சு விடுவன், ஊரே அதை நம்பிக் கடலுக்குப் போகுது எண்டு சொல்லுறார் அன்ரி." அதுக்குத்தான் அவை சிரிச்சவை. நீயும் சிரிச்சனி. தண்ணிப் போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடிச்சிட்டு இன்னொருக்காச் சிரிச்சனி. சுகந்திக்கு முன்னால நான் என்ன செய்யிறது? நானும் சிரிச்சனான். "அவன் சின்னனிலயிருந்தே பகிடிக்காரன்" எண்டு சொல்லிச் சிரிச்சுப்போட்டு, குசினிக்குள்ள போய் முந்தானையை வாயில அடைச்சுக்கொண்டு நிண்டனான்.

பொய் சொன்னதைக் கூட விட்டிடுவன். பிள்ளையள் தாய்க்குப் பொய் சொல்லுறது புதினமில்லை. உன்ர அப்பா செத்த சாவில நிண்டு நீ குடுத்த வாக்கை, நான் இல்லாத இடத்தில, என்னைத் தெரியாத சனத்துக்கு முன்னால சிரிப்புக்கு எடுத்து விட்டாய் பார், அதைத்தான் என்னால தாங்கேலாமல் கிடக்குது. கலியாணம் கட்டப் போறாய், இதைக் கவனமாக் கேள். அந்த வவுனியாப் பிள்ளையை அவள் இல்லாத இடத்தில ஒருநாளும் பகிடிப் பொருளாக்காதை. அவள் உன்னை நம்பி ஏதும் விசர்த்தனம் செய்தாலும், அதை ஊருக்குக் கதையாச் சொல்லாதை. நேர பேசு, நேர சண்டை பிடி. அவளுக்குப் பின்னால நிண்டு சிரிக்காதை.

அண்டையிலயிருந்து சுகந்தியைப் பிடிச்சு வைச்சு, சனியைப் பற்றியும் வியாழனைப் பற்றியும் துருவித் துருவிக் கேட்டன். ஏனெண்டு கேட்கிறியோ? புருசன் வேறொருத்தியிட்டப் போனால் அவள் ஆர், எவள் எண்டு பொம்பிளை விசாரியாமல் இருப்பாளோ? அப்பிடித்தான். அங்க தரையே இல்லையாமே மோனை. ஐதரசனும் ஈலியமும்தானாம், மேல அமோனியா முகிலாம், கீழ போகப் போக இன்னும் காத்துத்தானாம், நெருங்கி நெருங்கிப் போகுமாம், கால் வைக்க ஒரு இடமில்லையாம். சனியின்ர நடுப்பகுதியில மணிக்கு ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல அடிக்குமாம். வியாழனில ஒரு சிவப்புப் புயல், எங்கட பூமியை விடப் பெரிசு, நூறு வருசத்துக்கு மேலயா நிக்காமல் சுத்துதாம். ஏன் நிக்கேல்லை எண்டு கேட்டன். எங்கட புயல் தரையில ஏறினால் தேய்ஞ்சு போகும், அங்க ஏறிறதுக்குத் தரையில்லை அன்ரி எண்டா. வியாழனுக்குள்ள ஒரு கருவியை இறக்கினவையாம். அது ஒரு மணித்தியாலமளவிலதான் கதைச்சுதாம், பிறகு வெக்கையிலயும் நெரிவிலயும் போயிட்டுதாம். அது சாகிறதுக்கு முதல் என்ன சொன்னதாம் தெரியுமோ, கீழ போகப் போகக் காத்து அடங்கேல்லையாம், கூடினதாம். உனக்கு இதெல்லாம் தெரிஞ்ச கதை. எனக்கு விசர் பிடிச்சுது. தரையுமில்லை, கரையுமில்லை, கரையில பார்த்துக்கொண்டு நிக்க ஒரு மனிசியுமில்லை. அந்தக் காத்தை அளந்து ஆருக்கு மோனை சொல்லப் போறாய்? ஆரை எச்சரிக்கப் போறாய்?

அந்தச் செம்மஞ்சள் நிலவைத்தான் நான் எல்லாத்தையும் விடக் கூட வெறுத்தனான். சனியைச் சுத்திற டைட்டன். எங்கட காத்தை விடத் தடிச்ச காத்தாம், அதிலயும் கூட நைதரசன்தானாம். ஆறு இருக்காம், கடல் இருக்காம், மழையும் பெய்யுமாம், ஆனால் தண்ணியில்லை, மெதேனாம். துளி பெருந்துளியா, இலவம் பஞ்சு மாதிரி ஆறுதலா விழுமாம். அந்தக் கடலில அலையும் பெரிசா எழும்பாதாம். "அப்ப அந்தக் கடலில ஒருத்தரும் சாகமாட்டினம்" எண்டு சுகந்தியிட்ட எரிச்சலோட சொன்னன். எரிச்சலிலதான் சொன்னன். அதுக்குள்ள என்ன கிடக்குதெண்டு எனக்கு அப்ப விளங்கேல்லை.

இனி என்ர பிழை. இதிலயிருந்து சங்கத்து ஆக்களும் கொஞ்சம் வடிவா வாசியுங்கோ. அந்தப் பேச்சைப் பார்த்த நாள் துவங்கி நான் உன்னோட கதைக்கேல்லை. நீ எடுக்க எடுக்க வெட்டினன், நீ அனுப்பின குரல் செய்தியளைக் கேட்கேல்லை. பதினொரு நாள். ஆனால் பின்னேரம் ஆறு மணியானால் கதிரையில ஆக்கள் வந்து இருக்கினம். அவையிட்ட என்னெண்டு சொல்லுறது? "என்ர மகன் எங்கட காத்துப் படிக்கேல்லை, சனிக்கிரகத்துக் காத்துப் படிக்கிறான், அஞ்சு வருசமா உங்களுக்கு ஃபோனை வாசிச்சவன்" எண்டே? வாய் வரேல்லை. வெக்கமும்தான், வானிலை அக்கா எண்ட பேர் போயிடும் எண்ட பயமும்தான். நான் குசினிக்குள்ள போய், ஃபோன் கதைக்கிற மாதிரி ரெண்டு நிமிசம் நிண்டிட்டு, யன்னலால வானத்தைப் பார்த்திட்டு வந்து, "மகன் சொன்னவன்" எண்டு சொன்னனான். பத்து நாளும் என்ர புளுகு பிழையாப் போகேல்லை. கடல் நல்லா இருந்தது. சொன்னால் வெக்கம், என்ர கண்ணும் பரவாயில்லைத்தான் எண்டு கொஞ்சம் பெருமையும் வந்தது.

பதினோராம் நாள் முகில் ஒண்டுமில்லை, கடல் பாய் விரிச்ச மாதிரிக் கிடந்தது. "ஒரு பிரச்சினையும் இல்லையாம், வடிவா இறங்கலாமாம்" எண்டன். அடுத்த நாள் விடிய, பெடியள் ரெண்டு பேர் ஃபோனைப் பார்த்திட்டு, "பெரியையா, காத்து எழும்பும் போல கிடக்குது, போகாதேங்கோ" எண்டு செபமாலை அண்ணையை மறிச்சிருக்கிறாங்கள். "வானிலை அக்கா சொல்லிப்போட்டா" எண்டு சொல்லிப்போட்டு இறங்கினவர். எட்டு மணியளவில வடகிழக்கால எழும்பிச்சுது. மற்ற போட்டுகள் எப்பிடியோ வந்து சேர்ந்திட்டுது. அவற்ற போட் கரை வாயில அலையில பிரண்டது. கூடப் போனவங்கள் ரெண்டு பேரும் நீந்தி ஏறிட்டாங்கள். அவற்ற கால் போட்டுக்கும் மண்ணுக்கும் இடையில மாட்டுப்பட்டு ரெண்டு இடத்தில முறிஞ்சு போச்சு. கம்பி வைச்சிருக்கு. தடியூண்டி நடக்கலாம், இனிக் கடலுக்குப் போகேலாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்.

ஆஸ்பத்திரியில மர வாங்கில குந்தியிருந்துதான் உன்ர குரல் செய்தியளைக் கேட்டன். அதுக்கு முதல் நாள் மத்தியானமே அனுப்பியிருக்கிறாய். "அம்மா, கோவமெண்டால் பிறகு பேசுங்கோ, இதை மட்டும் மாமாவைக்குச் சொல்லுங்கோ. நாளைக்கு விடியக் காத்துத் திடீரெண்டு எழும்பும், அலை கரையில உடைக்கும், ஒருத்தரும் இறங்க வேண்டாம். ஃபோனைப் பார்த்துச் சொல்லேல்லை அம்மா, இருந்து கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்லுறன்." அடுத்ததில உன்ர குரல் வேற மாதிரி இருந்தது. "பேச்சைப் பார்த்திட்டியள் எண்டு சுகந்தி அக்கா எழுதினவா. நான் செய்தது பிழைதான். முதல் எங்கட கடலைத்தான் அம்மா படிக்க எடுத்தனான். ஆறு மாசம். அந்தக் கடல் படத்தைத் திறந்தால் அப்பாதான் வாறார், மூடிப்போடுவன். ஒருத்தரும் சாகாத இடமாத் தாங்கோ எண்டு பேராசிரியரிட்டக் கேட்டு வாங்கினனான். உங்களிட்டச் சொல்லப் பயமாயிருந்தது." அப்பா வருவார் எண்டு தெரிஞ்சும் என்ர பிள்ளை திரும்பவும் எங்கட கடலைத் திறந்து பார்த்திருக்கிறான், நான் அதைக் கேட்காமல் விட்டிருக்கிறன்.

அந்த நேரம்தான் றோசமேரி வந்து எனக்கு முன்னால நிண்டா. சேலை முழுக்க ஈர மண். "உங்கட மகன் சொன்னவர் எண்டுதானே அக்கா மனுசன் போனது?" எண்டு கேட்டா. ஃபோன் என்ர கையில கிடக்குது. ஒரு அமத்து அமத்தினால் உன்ர குரல் அவவுக்குக் கேட்டிருக்கும். நான் என்ன சொன்னனான் தெரியுமோ? "ஓம். அவனும் மனுசன்தானே, பிழைவிடுவான்தானே" எண்டு சொன்னனான். அண்டைக்குப் பின்னேரம் நீ அழுதுகொண்டு எடுத்து, "மாமாக்குச் சொன்னியளோ அம்மா?" எண்டு கேட்டாய். "சொன்னன் மோனை, அவர் கேட்கேல்லை" எண்டன். கரைக்கு உன்னைக் காட்டிக் குடுத்தன், உனக்குச் செபமாலை அண்ணையைக் காட்டிக் குடுத்தன், நான் நடுவில நல்லவளா நிண்டன். நீ என்னை வைச்சு ஒருக்காச் சிரிச்சனி. நான் உன்ர பேரை வித்து ரெண்டரை மாசம் வாழ்ந்திருக்கிறன்.

இவ்வளவையும் நேற்று எழுதிப்போட்டு நிப்பாட்டினனான். சுவரில ஒட்டுறதுக்கு முதல் அந்த மனுசனுக்கு நேர வாசிக்க வேணும் எண்டு மனம் சொல்லிச்சு. இண்டைக்குக் காலமை கொண்டு போனன். செபமாலை அண்ணை முத்தத்து வேம்புக்குக் கீழ கதிரையில காலை நீட்டிக்கொண்டு இருந்தார், றோசமேரி மீன் வெட்டிக்கொண்டிருந்தா. நிண்டபடி வாசிச்சன், இருக்கச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லை. அந்த ஆஸ்பத்திரி இடம் வர, றோசமேரி கத்தியை வைச்சிட்டு எழும்பி உள்ளுக்குப் போயிட்டா. அவர் கண்ணை மூடிக்கொண்டு கடைசி மட்டும் கேட்டார். பிறகு, "அப்ப பெடி வேண்டாம் எண்டவனோ?" எண்டார். "ஓம் அண்ணை." "வடிவாச் சொன்னவனோ, வேண்டாம் எண்டு?" "ஓம் அண்ணை, ஒருத்தரும் இறங்க வேண்டாம் எண்டு சொன்னவன்." அந்தக் குரலைப் போடச் சொன்னார். போட்டன். இன்னொருக்காப் போடச் சொன்னார். மூண்டாம் தரம் போடேக்க மனுசன் வாய்விட்டு அழுதார் மோனை. "என்ர பிள்ளை பிழைவிடேல்லை, என்ர பிள்ளை பிழைவிடேல்லை" எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னார். உள்ளுக்கிருந்து றோசமேரி அழுகிறதும் கேட்டது.

"நான் நிக்கிறன் எண்டு அவனுக்கு எழுது. தடியோட எண்டாலும் நிப்பன்" எண்டார். நான் அவற்ற காலடியில குந்தி, "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை, மகனை நம்பிப் போன உங்களை நான்..." எண்டு துவங்க, கையை உயர்த்தி மறிச்சார். "அவனை நம்பிப் போனனானோ? அஞ்சு வருசத்தில அவன்ர குரலை இண்டைக்குத்தான் கேட்கிறன். பெடி எந்த நாட்டில என்ன படிக்கிறான் எண்டு எனக்கென்ன தெரியும். நீ புருசனைக் குடுத்தவள், இன்னொருத்தியின்ர புருசனைத் தெரிஞ்சு அனுப்பமாட்டாய் எண்டு உன்னை நம்பித்தான் தங்கச்சி நான் போனனான்." கோவமாச் சொல்லேல்லை, சும்மா கதைக்கிற மாதிரித்தான் சொன்னார். பிறகு, "கொஞ்சக் காலத்துக்கு இஞ்சால வராதை" எண்டிட்டு மற்றப் பக்கம் திரும்பிட்டார். நான் எழும்பி வந்திட்டன்.

அதால நீ பயப்பிடாமல் வா. உனக்குப் பக்கத்தில உன்ர மாமா நிப்பார். அவர் நிண்டால் கரை முழுக்க நிக்கும். நான் கோயிலில கடைசி வாங்கில இருப்பன், என்னை முன்னுக்கு வரச் சொல்லி ஒருத்தரையும் அனுப்பாதை. உன்னில எனக்குக் கோவம் தீர்ந்திட்டுதெண்டு நினையாதை, அந்த மண்டபத்துச் சிரிப்பு இன்னும் காதுக்குள்ள நிக்குது. உனக்கு என்னில வரப்போற கோவம் அதை விடக் கூடவா இருக்கும், அது ஞாயம். நாளைக்கு விடிய இது சுவருக்குப் போகுது. அதுக்குப் பிறகு இஞ்ச ஆரும் என்னை அக்கா எண்டு கூப்பிடமாட்டினம், தங்கச்சி எண்டும் கூப்பிடமாட்டினம். நீ வந்து இறங்கினவுடன என்னைப் பேசு, கத்து, என்னவும் செய். ஆனால் அம்மா எண்டு கூப்பிட்டிட்டுப் பேசு மோனை.